முள் காட்டுவது மெய்யா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைத் தேடிப் பிடித்து, பிரித்து, துடைத்து, மறுபடி ஓட வைப்பது இங்கிலாந்தில் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. அப்படி அவர்கள் விரும்பும் கார்களில் ஒன்று எம்.ஜி.பி. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி. கார்கள் செய்யப்பட்டன. ஓட்டுபவருக்கு எதிரே உள்ள பலகையில் கார் போகும் வேகத்தைக் காட்ட ஒரு பெரிய வட்டம், எஞ்சினின் சுற்றுகளைக் காட்ட இன்னொன்று. எண்ணெயின் அழுத்தம், நீரின் வெப்பநிலை, பெட்ரோலின் அளவு இவற்றுக்குச் சிறு வட்டங்கள். இந்தக் கருவிகளைச் செய்து கொடுத்தது ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம்.

ஐம்பது ஆண்டு வெயிலும் மழையும் பட்டால் அந்த வட்டங்கள் எப்படி இருக்கும்? விளிம்பு வளையத்தின் குரோமியப் பூச்சு புள்ளி புள்ளியாக அரித்திருக்கும். கண்ணாடியின் உட்புறம் மங்கியிருக்கும். முள்ளின் வெள்ளைச் சாயம் பழுப்பேறியிருக்கும். இவற்றைச் சரிசெய்வது பெரிய வித்தை அன்று. வளையத்தை மெதுவாகத் திருகினால் அதன் உட்புறத்துக் காதுகள் கூட்டில் உள்ள வெட்டுகளுக்கு நேரே வரும், கழன்றுவிடும். கண்ணாடியைக் கழுவலாம், வளையத்தை மாற்றலாம், கூட்டின் உள்ளே வெள்ளைச் சாயம் பூசினால் விளக்கின் ஒளி நன்றாகப் பரவும்.

எண்கள் அச்சிட்ட முகப்பை மட்டும் ஈரத் துணியால் தொடக் கூடாது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில், ஆய்வகத்தில் அழுக்கேறிக் கிடந்த ஒரு வோல்ட்மீட்டரை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அக்கறையோடு துடைத்தேன். அழுக்கோடு 3, 4, 5 ஆகிய எண்களும் பஞ்சுக்கு வந்துவிட்டன. அந்த மீட்டர் அதற்குப் பிறகு சில ஆண்டுகள் இரண்டு வோல்ட் வரைதான் அளந்தது!

சரி, முகப்பு பளபளக்கிறது. முள் காட்டுவது மெய்யா? ஓட்டுபவரின் உயிரும் எஞ்சினின் ஆயுளும் இந்தக் கேள்வியில்தான் இருக்கின்றன. இதற்கு விடை வேண்டுமானால், ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் முள்ளைத் தள்ளுவது எது, தடுப்பது எது என்று தெரிய வேண்டும். வேகமானியிலிருந்து தொடங்குவோம்.

முதலில் ஒரு சோதனை. ஓர் அகன்ற பாத்திரத்தில் நீர் ஊற்றி, அதில் ஓர் அலுமினிய மூடியை மிதக்க விடுங்கள். வலிமையான சிறு காந்தம் ஒன்றை மூடிக்கு அருகே கொண்டு செல்லுங்கள். அலுமினியம் காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை. மூடி சும்மா இருக்கும். இப்போது மூடியைத் தொடாமல், அதற்குச் சற்று மேலே காந்தத்தை வேகமாக வட்டமிடச் செய்யுங்கள். மூடியும் மெல்லச் சுற்றத் தொடங்கும்! காந்தம் நகரும்போது அலுமினியத்தில் சிறு சிறு மின்னோட்டங்கள் தூண்டப்படுகின்றன. அவற்றைச் சுழல் மின்னோட்டங்கள் என்கிறோம். தம்மைத் தோற்றுவித்த மாற்றத்தை எதிர்ப்பது அவற்றின் இயல்பு என்று லென்ஸ் விதி கூறுகிறது. காந்தம் தன்னைவிட்டு நகர்ந்து போவதை எதிர்க்க மூடிக்கு ஒரே வழிதான் உண்டு: பின்தொடர்வது. சுழலும் உலோகத் தட்டு காந்த ஊசியை இழுப்பதைப் பிரான்ஸ் நாட்டு அரகோ 1824-ல் கண்டார். காரணம் விளங்கியது 1831-ல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த பிறகுதான்.

இந்த உண்மையை வைத்து வேகமானி செய்து 1902-ல் காப்புரிமை பெற்றவர் ஜெர்மானியரான ஆட்டோ ஷூல்ஸே. எம்.ஜி.பி.யின் வேகமானி அதே வகையைச் சேர்ந்தது. கியர் பெட்டியிலிருந்து வரும் நெகிழும் கம்பி ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தின் மேல், அதைத் தொடாமல், ஓர் உலோகக் கிண்ணம் கவிழ்ந்திருக்கிறது. கிண்ணத்தின் அச்சில் முள். அச்சைச் சுற்றி மயிர் போன்ற ஒரு சுருள்வில். காந்தம் கிண்ணத்தை இழுக்கிறது, சுருள்வில் தடுக்கிறது. இழுக்கும் திருப்புவிசை காந்தம் சுழலும் வேகத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். தடுக்கும் திருப்புவிசை முள் திரும்பிய கோணத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. ஆகவே கோணம் வேகத்துக்கு நேர் விகிதம். உங்கள் வீட்டில் பழைய ஸ்கூட்டர் ஒன்று இருந்தால், முன்சக்கரத்திலிருந்து கைப்பிடிக்கு ஏறும் கறுப்புக் கம்பியைப் பாருங்கள். அதன் மேல்முனையிலும் இதே ஏற்பாடுதான்.

ஐம்பது ஆண்டில் இதில் என்ன கெடும்? காந்தம் நலியும். தூண்டப்படும் மின்னோட்டம் காந்தப் புலத்தின் செறிவைப் பொறுத்தது. அந்த மின்னோட்டத்தின் மேல் செயல்படும் விசை மறுபடியும் அதே செறிவைப் பொறுத்தது. எனவே திருப்புவிசை செறிவின் இருமடிக்கு, அதாவது வர்க்கத்துக்கு, நேர் விகிதம். காந்தத்தின் செறிவு 5 சதவீதம் குறைந்தால் திருப்புவிசை 0.95 × 0.95, சுமார் 0.90 ஆகிறது. கார் மணிக்கு 100 மைல் வேகத்தில் ஓடும்போது முள் 90-ஐக் காட்டும். 50-ல் ஓடும்போது 45-ஐக் காட்டும். உண்மையைவிடக் குறைத்துச் சொல்லும் வேகமானி ஆபத்தானது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவசரக்காரர் இங்கே என்ன செய்வார்? முள்ளைப் பிடுங்கி 10 மைல் தள்ளிப் பொருத்துவார். 100-ல் ஓட்டிப் பார்ப்பார். முள் 100 காட்டும். வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொள்வார். 50-ல் ஓடும்போது 45-க்குப் பதில் 55 காட்டுமே! 20-ல் ஓடும்போது 28! முன்பு குறைவாகச் சொன்னது இப்போது 100 தவிர மற்ற எல்லா வேகத்திலும் தவறாகச் சொல்கிறது.

வெர்னியர் அளவியிலும் திருகு அளவியிலும் நீங்கள் சுழிப்பிழை பார்த்திருக்கிறீர்கள். எல்லா அளவுகளிலும் ஒரே தொகை கூடியோ குறைந்தோ வருவது அது. கூட்டிக் கழித்தால் தீர்ந்தது. காந்தம் நலிந்ததால் வரும் பிழை வேறு வகை. அளவு பெரிதாகப் பெரிதாகப் பிழையும் பெரிதாகிறது. அது பெருக்கலில் வந்த பிழை, கூட்டலால் தீராது. ஒரே ஒரு வேகத்தில் சோதித்துப் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. குறைந்தது இரண்டு வேகங்களில், முடிந்தால் மூன்றில், சோதிக்க வேண்டும். பிழை வேகத்தோடு வளர்ந்தால், வலிய கம்பிச்சுருளின் காந்தப் புலத்தில் வைத்துக் காந்தத்துக்கு மறுபடி காந்தமேற்றி, பிறகு சிறிது சிறிதாகக் குறைத்துச் சரியான செறிவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கென்று கருவி வைத்திருப்பவர் செய்யும் வேலை அது.

முள்ளைக் கழற்ற நேர்ந்தால் இன்னொரு நுணுக்கமும் உண்டு. சுழிக்கு அருகே முள் சாய்ந்து நிற்க முகப்பில் ஒரு சிறு தடுப்பு ஊசி இருக்கிறது. சுருள்வில்லின் இயல்பு நிலை அந்த ஊசிக்கும் கீழே எங்கோ இருக்கலாம். ஆகவே முள் சுழியில் நிற்கிறது என்பதால் சுழிப்பிழை இல்லை என்று ஆகிவிடாது. முள்ளை ஊசியைத் தாண்டி மெல்லத் தூக்கிவிட்டு, அது தானாக எங்கே ஓய்கிறது என்று குறித்துக்கொண்ட பிறகே கழற்ற வேண்டும்.

சோதிப்பது எப்படி? வேகமானியின் முகப்பில் சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். எம்.ஜி.பி.க்களில் காணப்படும் எண்களில் ஒன்று 1280. கார் ஒரு மைல் போனால் கம்பி 1280 முறை சுற்றும் என்பது பொருள். மணிக்கு 60 மைல் என்றால் நிமிடத்துக்கு ஒரு மைல். ஆகவே கம்பியை நிமிடத்துக்கு 1280 முறை சுற்றினால் முள் 60-ல் நிற்க வேண்டும். 1000 முறை சுற்றினால்? 60 × 1000 ÷ 1280, சுமார் 47. காரே வேண்டாம், வேகம் தெரிந்த ஒரு மோட்டாரும், சுழற்சித் திசையில் கவனமும் போதும்.

காரை ஓட்டியே பிழையின் இடத்தைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. அதே கூட்டுக்குள் ஓடிய தூரத்தைக் காட்டும் எண் சக்கரங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றைத் திருப்புவது பற்சக்கரங்கள். காந்தத்துக்கும் சுருள்வில்லுக்கும் அங்கே வேலை இல்லை. தூரம் சரியாக இருந்து வேகம் மட்டும் தவறினால் குற்றவாளி காந்தம், கிண்ணம், சுருள்வில் இவற்றுள் ஒன்று. தூரமும் வேகமும் ஒரே விகிதத்தில் தவறினால் கூட்டைத் திறக்கவே வேண்டாம். யாரோ வேறு அளவு டயரையோ வேறு கியர் பெட்டியையோ மாட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கருவியில் என்னை மிகவும் கவர்வது ஒரு சிறு தகடு. அலுமினியத்தின் மின்தடை ஒரு டிகிரி சென்டிகிரேடுக்குச் சுமார் 0.4 சதவீதம் கூடுகிறது. பனிக்கால விடியலில் 0 டிகிரியில் இருக்கும் கார், கோடைப் பகலில் உட்புறம் 40 டிகிரிக்கு வருகிறது என்று கொள்வோம். மின்தடை 16 சதவீதம் கூடும். சுழல் மின்னோட்டம் அதற்கேற்பக் குறையும். விடியலில் 60 காட்டிய முள் பகலில் அதே வேகத்துக்கு 52-ஐத்தான் காட்ட வேண்டும். அப்படி நடக்காமல் காப்பதற்காக, இவ்வகை வேகமானிகளில் காந்தத்தோடு ஒட்டி ஒரு நிக்கல்-இரும்புக் கலவைத் தகட்டை வைப்பார்கள். குளிரில் அது காந்தப்பாயத்தில் ஒரு பங்கைத் தன் வழியாகத் திருப்பிவிடுகிறது. சூடேறினால் அதன் காந்த உட்புகுதிறன் குறைகிறது. திருப்பிவிடும் பங்கும் குறைகிறது. கிண்ணத்துக்குக் கூடுதல் பாயம் கிடைக்கிறது. ஒரு குறையை இன்னொரு குறை ஈடு செய்கிறது. பார்வைக்கு வேண்டாத தகடு போலத் தோன்றும் இதை யாரும் எடுத்தெறிந்துவிடக் கூடாது.

முள் நடுங்கினால் பெரும்பாலும் கம்பியில்தான் கோளாறு. உராய்வினால் கம்பி சிக்கிச் சிக்கி முறுக்கேறுகிறது, பிறகு விடுபட்டுத் துள்ளுகிறது. அதற்காகக் கம்பி முழுவதும் கிரீஸை அள்ளிப் பூசினாலோ, சுழலும் கம்பி திருகு போல அதை மேலே ஏற்றிவிடும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே கிரீஸ் புகுந்தால் கிண்ணம் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டே சுற்றப் பார்க்கும். முள் கடைசி எண்ணுக்குப் பாயும். மேல்முனையில் சில அங்குலம் கிரீஸ் இல்லாமல் விடுவது வழக்கம்.

பெட்ரோல் முள்ளுக்கு வருவோம். 1960-களின் நடுவுக்குப் பின் வந்த எம்.ஜி.பி.க்களில் இந்த முள்ளைத் தள்ளுவது காந்தம் அன்று, வெப்பம். ஈருலோகப் பட்டை ஒன்றின் மேல் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். தொட்டியில் மிதவையோடு இணைந்த மாறு தடை ஒன்று உண்டு. பெட்ரோல் நிறைய இருந்தால் தடை குறைவு, மின்னோட்டம் அதிகம், பட்டை சூடேறி வளைகிறது, முள் ஏறுகிறது. சாவியைத் திருப்பியதும் இந்த முள் குதிக்காமல் சோம்பேறித்தனமாக ஏறுவதற்குக் காரணம் இதுதான். பட்டை சூடேற நேரமாகும் அல்லவா? தொட்டியில் பெட்ரோல் அலைமோதினாலும் முள் அசையாது நிற்பது இதனால் கிடைக்கும் நன்மை.

ஆனால் ஒரு சிக்கல். காரின் பாட்டரி எஞ்சின் நிற்கும்போது 12 வோல்ட் தருகிறது; ஓடும்போது 14.4 வோல்ட் வரை ஏறலாம். வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதம். எஞ்சினை முடுக்கினாலே பெட்ரோல் கூடியது போல் தெரியும்! இதைத் தடுக்க ஒரு மின்னழுத்த நிலைப்படுத்தி உண்டு. உள்ளே பார்த்தால் அதுவும் ஓர் ஈருலோகப் பட்டைதான். சூடேறியதும் வளைந்து தொடர்பை அறுக்கும். ஆறியதும் நிமிர்ந்து தொடும். இப்படி விட்டு விட்டு மின்சாரம் தந்து, வெப்பத்தின் கணக்கில் நிலையான 10 வோல்ட்டுக்குச் சமமாக்குகிறது. 12 வோல்ட் வரும்போது அது எவ்வளவு நேரம் தொட்டிருக்க வேண்டும்? 100 ÷ 144, அதாவது மொத்த நேரத்தில் 69 சதவீதம். 14.4 வோல்ட் வரும்போது 100 ÷ 207, சுமார் 48 சதவீதம். இதைக் கணக்கிட அதற்கு டிரான்சிஸ்டர் தேவைப்படவில்லை. இரண்டு உலோகங்கள் ஒரே அளவில் விரிவடைவதில்லை என்பது ஒன்றே போதுமானதாக இருந்தது.

பழுதானால் என்ன ஆகும்? நிலைப்படுத்திக்குள் பட்டையைச் சூடாக்கும் கம்பியின் மறுமுனை, அதன் உலோகக் கூட்டின் வழியே காரின் உடலைத் தொட்டால்தான் மின்சுற்று முழுமையாகும். காரைப் புதுப்பிப்பவர் உடலுக்கு அழகாகப் புதுச் சாயம் அடிக்கிறார். சாயம் மின்கடத்தாப் பொருள். நிலைப்படுத்தியைச் சாயத்தின் மேலேயே திருகிவிட்டால் பட்டை சூடேறாது, தொடர்பை அறுக்காது, முழு 14.4 வோல்ட்டும் முள்ளுக்குப் போகும். வெப்பம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். பாதித் தொட்டிக்கு முள் முழுத் தொட்டியைக் காட்டும். இரவில், கடை இல்லாத சாலையில் கார் நிற்கும்போதுதான் ஓட்டுநருக்கு உண்மை தெரியும். காரை அழகாக்கிய சாயமே முள்ளைப் பொய் சொல்ல வைத்துவிட்டது. திருகின் அடியில் சாயத்தைச் சுரண்டிவிட்டால் கோளாறு தீர்ந்தது!

ஜாகுவார் ஈ-டைப், டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்ற கார்களில் நீரின் வெப்பநிலை காட்டும் முள்ளும் இதே நிலைப்படுத்தியிடம்தான் மின்சாரம் பெறுகிறது. பெட்ரோல் முள்ளும் வெப்பநிலை முள்ளும் ஒன்றாக உயரே காட்டினால், இரண்டு கருவிகளும் ஒரே நாளில் கெட்டன என்று எண்ணுவதைவிட இரண்டுக்கும் பொதுவானதைச் சந்தேகிப்பதே முறை.

எண்ணெய் அழுத்தம் காட்டும் கருவியைப் பற்றி நீண்ட விளக்கம் வேண்டாம். திருவிழாவில் ஊதினால் நீளும் காகிதச் சுருள் வாங்கியிருப்பீர்கள். பிரான்ஸ் நாட்டு யூஜீன் பூர்தோன் 1849-ல் காப்புரிமை பெற்ற வளைகுழாய் அதே தத்துவம். தட்டையான உலோகக் குழாய் வளைந்திருக்கும்; உள்ளே அழுத்தம் ஏறினால் நிமிரப் பார்க்கும். எம்.ஜி.பி.க்களில் பலவற்றில் நீரின் வெப்பநிலையையும் இத்தகைய குழாயே காட்டுகிறது. எஞ்சினில் ஒரு சிறு குமிழ், அதிலிருந்து மயிர்த்துளைக் குழாய் வழியே முகப்பு வரை, உள்ளே ஈதர். சூடேற ஏற ஈதரின் ஆவி அழுத்தம் மேன்மேலும் வேகமாக உயர்வதால், இத்தகைய கருவியில் குளிர்ந்த பக்கத்தில் கோடுகள் நெருங்கியும் சூடான பக்கத்தில் அகன்றும் இருக்கும். கவனம் வேண்டிய பக்கத்தில் கோடுகள் அகன்றிருப்பது நல்லதாகப் போயிற்று. குழாய் ஒடிந்தால் ஈதர் போய்விடும். ஒடிந்த இடத்தைப் பற்றவைத்து மறுபடி ஈதர் நிரப்பும் வேலையைத் தேர்ந்தவரிடம் விட வேண்டும். ஈதர் 35 டிகிரியிலேயே கொதிக்கும். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும்.

அதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று, எம்.ஜி.பி.க்கு முந்தைய கார்களைப் பற்றியது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்கள் சிலவற்றின் முட்களிலும் எண்களிலும் இருளில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த சாயம் பூசியிருந்தார்கள். ரேடியத்தின் கதிர்கள் துத்தநாக சல்ஃபைடைத் தாக்க, அது ஒளிரும். இன்று அந்த முகப்புகளை இருட்டில் வைத்தால் ஒளி இருக்காது. ‘ரேடியம் தீர்ந்துவிட்டது’ என்று எண்ணிச் சுரண்டத் தொடங்கினால் பெருந்தவறு. தீர்ந்தது துத்தநாக சல்ஃபைடின் படிகம். கதிர்களின் தாக்குதலில் அது சிதைந்துவிட்டது. ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டுகள். 80 ஆண்டில் அது மூன்று, நான்கு சதவீதம்தான் குறைந்திருக்கும். சுரண்டிய தூள் மூச்சோடு போனால் கால்சியத்தைப் போல எலும்பில் படிந்துவிடும். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஆரஞ்சு நகரில் கடிகார முகப்புகளுக்கு இந்தச் சாயம் பூசிய இளம் பெண்கள், தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி பழக்கப்பட்டார்கள். தாடை எலும்பு அரித்துப் பலர் இறந்தனர். அவர்களில் ஐவர் தொடுத்த வழக்கு 1928-ல் சமரசத்தில் முடிந்தது. பழுப்பேறி உதிரும் தடித்த சாயத்தைப் பழைய முகப்பில் கண்டால் கண்ணாடியைத் திறக்காமலே வைத்துவிட வேண்டும். கைகர் எண்ணி உள்ளவரிடம் காட்டிய பிறகே மற்றவை.

எம்.ஜி.பி. கார் உங்கள் தெருவுக்கு வரப்போவதில்லை. ஆனால் வேகமானியைச் சோதிக்கப் பேருந்துப் பயணம் போதும். ஓட்டுநரின் முள் தெரியும் இருக்கையில் உட்காருங்கள். சாலையோரத்துக் கிலோமீட்டர் கல் ஒன்றிலிருந்து அடுத்த கல் வரை எத்தனை வினாடி என்று குறியுங்கள். 3600-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். 72 வினாடி என்றால் 50. 60 வினாடி என்றால் 60. பேருந்து ஒரே சீராக ஓடும் நேரமாகப் பார்த்து, இரண்டு வெவ்வேறு வேகங்களில் கணக்கிட்டு, முள் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். பிழை கூட்டலா, பெருக்கலா என்று கண்டுபிடிக்கலாம். முள் அசையாமலே இருந்தால் அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.